மருதமரத்துக் கசம்

எங்கள் வீட்டு டீ வடிகட்டி ஒன்று காணாமல் போய், மூன்றாம் நாள் மாடியில் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் வலையில் மீன் செதிலும் நண்டு ஓடும் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. ஒன்றைத் திறந்தேன். கருவாட்டுக் கடையும் ஈரச் சேறும் கலந்தாற்போல ஒரு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருப்பது ஏதோ பிராணியின் சாணம் என்று எனக்குப் புரிவதற்கும், மாடியில் குடியிருந்த பிள்ளை ஈரத் தலையோடு அறையை விட்டு வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. அவள் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். “அக்கா, புது வடிகட்டி வாங்கி வெச்சிருக்கேனுங்க, குடுக்க மறந்துட்டேன்” என்றாள். அது நீர்நாயின் எச்சம் என்றும், அதைக் கழுவி வடிகட்டினால் அந்த நீர்நாய் என்னென்ன மீன் தின்றது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றும் அவள் விளக்கிச் சொன்னபிறகு, அன்று முழுக்க நான் டீயே போடவில்லை.

அவளை நினைத்தால் முதலில் இந்தச் சிரிப்பு வரும். அதை ஒட்டியே ஒரு பயமும் வரும். வருடங்கள் ஆகியும் அந்தப் பயம் குறைந்தபாடில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் லைன்மேன். ஒரே மகள் நர்சிங் படிக்க வெளியூர் போய்விட்டதால் மாடி அறை காலியாகக் கிடந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டால் குடித்துவிட்டுக் கூத்தடிப்பார்கள் என்று பூட்டியே வைத்திருந்தோம். ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி ஒன்றரை வருடத்துக்கு அறை கேட்கிறாள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், சரி என்றோம். சிற்றாற்றில் இருக்கிற நீர்நாய்களைப் பற்றித்தான் அவள் படிப்பு. தெருவில் எல்லோரும் அவளை நாய் டீச்சர் என்றார்கள். எனக்கு அவள் மாடிப் பிள்ளை. சொந்த ஊர் மேட்டூர்ப் பக்கம். அப்பா அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர். “நாங்களும் மீனை வித்துத்தானுங்க சோறு தின்னோம்” என்று வந்த முதல் வாரத்திலேயே சொன்னாள். நான் கவிச்சி வாடையைக் குறை சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாள் போல.

தினமும் விடிகிற நேரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். என் தூக்கம் கெடக்கூடாது என்று கேட்டின் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். பத்து மணிக்குத் தொடை வரைக்கும் சேற்றோடு திரும்பி வந்து, குளித்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் அப்போதுதான் சொல்லுவாள். தென்காசிக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள் நான். சிற்றாற்றில் குளித்து, துவைத்து, குடம் விளக்கி வளர்ந்தவள். ஆனாலும் பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு வெள்ளத்துக்கு எதிராக நிற்கிற கல்நக்கி மீனை அவள் போனில் காட்டித்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அருவியில் தேய்த்துக் குளிக்கிற சோப்பும் ஷாம்புவும் அந்தப் பாறைகளில் படிகிற பாசியை என்ன செய்கிறது, விடுதிக் கழிவு எந்தெந்த ஓடை வழியாக ஆற்றில் சேர்கிறது, யாரோ குளத்தில் வளர்த்த ஆப்பிரிக்கக் கெளுத்தி வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வந்து நம்மூர் மீனின் முட்டைகளை எப்படித் தின்று தீர்க்கிறது என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, நோயாளி வீட்டில் உட்கார்ந்து டாக்டர் சொல்வதைக் கேட்பது போல இருக்கும். கேட்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று சில நாள் தோன்றும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் வந்தவள் இல்லை. கரையில் வயல் வைத்திருக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, நாணலுக்குத் தீ வைக்காதீர்கள், நீர்நாய் அதற்குள்தான் குட்டி போடும் என்று கெஞ்சுவாள். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் நாய்க்கு வக்காலத்தா என்று கேட்டு விரட்டினார். இரண்டு மூன்று பேர் மட்டும், சரி டீச்சர், உங்களுக்காக ஒரு பத்தடி விட்டுவைக்கிறோம் என்றார்களாம். அந்தப் பத்தடியை அவள் என்னிடம் சொன்ன தோரணையைப் பார்த்தால், பத்து ஏக்கர் எழுதி வாங்கிவிட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாள். ஆற்றில் ஆழமான இடத்தைக் கசம் என்போம். நான் பிறந்த ஊருக்கு மேற்கே ஆறு வளைகிற இடத்தில், பெரிய மருதமரங்கள் நிழல் கட்டி நிற்கிற கசம் ஒன்று உண்டு. சின்ன வயதில் அங்கே போகாதே, சுழி இழுத்துக்கொள்ளும் என்று அம்மா மிரட்டியதால் நான் பக்கத்திலேயே போனதில்லை. கசத்தின் கீழ்முனையில், பாறைகளுக்குப் பின்னால், என்னை உட்காரவைத்து அசையாதீர்கள் என்றாள். கால் மரத்துப்போனது. கொசு பிடுங்கியது. அப்புறம் தண்ணீரில் ஒரு கோடு ஓடி வந்தது. வழுவழுவென்று ஒரு தலை, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. ஏழு. குட்டி ஒன்று தன்னைவிட நீளமான விலாங்கைப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி, அதைச் சமாளிக்க முடியாமல் உருண்டது. தாய் போலிருந்த ஒன்று தலையை நிமிர்த்தி விசில் அடிப்பதுபோல் ஒரு குரல் கொடுத்ததும், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. நான் பிறந்து வளர்ந்த ஆற்றில் இவை தம் பாட்டுக்கு இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. திரும்பி வருகிற வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இந்த இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம்கூட அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பிறந்த ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது என் தம்பி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரே தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுவான், கொஞ்சம் வாழை போட்டிருக்கிறான், பொழுதுபோகாத நேரத்தில் மீன் பிடிப்பான். சின்ன வயதில் பாம்பைக்கூட வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவான், எதற்கும் பயப்படுகிற சுபாவமே கிடையாது. அன்றைக்கு ஆற்றில் இப்போது மீனே கிடையாது, எல்லாம் போச்சு என்று அவன் பெரிய மனுஷன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாத ஒன்று ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்கிற வீம்பு. மீன் இல்லாமலா மருதமரத்துக் கசத்தில் ஏழு நீர்நாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவன் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். “ஏழா? அங்கனயா?” என்று கேட்டுவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். அவ்வளவுதான். நானும் அதை மறந்துவிட்டேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு பை நிறைய கெண்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நான் வாசல்பக்கம் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். மாடிப் பிள்ளை இறங்கி வந்தவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மீனை எடுத்துப் புரட்டினாள். “கொஞ்சம் குடுங்கக்கா” என்று அரிவாள்மனையை வாங்கி, முதுகெலும்பை ஒட்டிப் பிளந்து காட்டினாள். எலும்பு நெடுக ரத்தம் கறுப்பாகக் கட்டியிருந்தது. இன்னொன்றைப் பிளந்தாள், அதிலும் அப்படித்தான். ஒரு மீனுக்கு எலும்பே ஒடிந்திருந்தது. இது வலையில் பட்ட மீன் இல்லை, கரண்டில் செத்தது என்றாள். கரையோரம் போகிற மின்கம்பியில் கொக்கி மாட்டி, ஒயரைத் தண்ணீருக்குள் விடுவார்களாம். பெரிய மீன் மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். குஞ்சும் தவளையும் நண்டும் கணக்கில்லாமல் அடியில் செத்துக் கிடக்கும். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். தெருவில் வந்த மீன்காரியிடம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அரிவாள்மனையைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு என்னைப் பிடித்த பயத்துக்குப் பல தலை. லைன்மேனின் மச்சினனே கம்பியில் கொக்கி போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் வேலை என்னாகும் என்பது ஒன்று. அவரிடம் சொன்னால் தம்பியோடு உறவே அறுந்துவிடும் என்பது இன்னொன்று. மழைக்காலத்தில் ஒயர் பிடித்து வேலை செய்கிறவர் மனைவிக்குக் கரண்டு என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கூட்டாளி ஒருவர் கம்பத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் அவர் பேசாமல் படுத்துக்கிடந்தது எனக்குத் தெரியும். ஆகவே அவரிடம் வாயைத் திறக்காமல் தம்பிக்கு மட்டும் போன் போட்டேன். எவ்வளவோ சொன்னேன். அவன் சிரித்தான். “எக்கா, ஊர்ல பாதிப் பேரு செய்யுதான். நான் ஒருத்தன் விட்டுட்டா ஆறு நெறைஞ்சிருமா?” என்றான். போனை வைத்தபின் எனக்கே அது ஒரு பதில்போலத் தோன்றியது. பயப்படுகிறவளுக்கு ஏதாவது ஒரு பதில் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம்.

குற்றாலச் சாரல் காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் வற்றத் தொடங்கிய சமயம் அது. காலை ஆறரை இருக்கும். தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, “மத்தியானம் மீன் குடுத்து விடுதேன் மைனி, கொழம்பு வச்சிராதிய” என்றாள். எங்கே போயிருக்கிறான் என்று கேட்டேன். “நீங்க சொன்னியள்ளா, ஆத்துநாய் கெடக்குன்னு. அந்த மருதமரத்துக் கசத்துக்குத்தான், கூட்டாளியோட போயிருக்காவ” என்றாள். என் கையிலிருந்த பால் பாத்திரம் அடுப்பின்மேல் சாய்ந்து கொட்டியது. மாடிப் பிள்ளை விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தாள். முந்தின நாள் சாப்பிடும்போதே சொல்லியிருந்தாள், தண்ணீர் குறைந்துவிட்டதால் நாளைக்குக் கசத்தின் கீழ்முனையில் இறங்கி மீன் எண்ணப் போகிறேன் என்று.

அவளுக்குப் போன் போட்டேன். ஆற்றுக்குப் போனால் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள் என்று தெரிந்தும் நான்கு தரம் போட்டேன். தம்பிக்குப் போட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் வீட்டுக்காரருக்குப் போட்டேன். எங்கேயோ கம்பியில் விழுந்த கிளையை வெட்ட அதிகாலையிலேயே போயிருந்தார். மூன்று மாதம் மறைத்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். ஒழுங்காகச் சொன்னேனா, உளறினேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் திட்டவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. “எந்த எடம்?” என்றார். சொன்னேன். “சரி. போனை வையி” என்றார்.

நைட்டி மேலே துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறினேன். தென்காசி ஊருக்குள் பூக்கடைகள் திறந்திருந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள், டீக்கடையில் பாட்டு ஓடியது. இதெல்லாம் எப்படி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. ஆற்றங்கரை வயல்களுக்கு வந்ததும் முதலில் என் காதில் பட்டது அமைதி. பம்புசெட் ஒன்றும் ஓடவில்லை. வரப்பில் நின்ற ஒருவர் யாருக்கோ போன் போட்டுக் கரண்டு போயிட்டு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்தான் அணைத்திருக்க வேண்டும் என்று உயிர் வந்தது. மறுநிமிடம், இது வழக்கமாகப் போகிற கரண்டாக இருந்தால், நான் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்துவிட்டால் என்று தோன்றியது. வாழைக்குள் விழுந்து எழுந்து ஓடினேன்.

கசத்தின் மேல்கரையில் தம்பியின் கூட்டாளி கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கொக்கி கம்பியிலேயே மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒயர் இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. அந்தத் தண்ணீரில் என் தம்பி நெஞ்சளவு நின்று, மிதந்த மீனையெல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். கரண்டு நின்றுவிட்டது, வருவதற்குள் அள்ளிவிடலாம் என்று இறங்கியிருக்கிறான். நான் கத்தவில்லை. கத்தினால் அவன் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பான். கரையின் விளிம்பு வரைக்கும் போனேன். “ஏலே, வெளிய வா. லைன் வரப்போவுது” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். நைட்டியும் சேறுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்தவன் ஒன்றும் கேட்காமல் சாக்கை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். அந்தப் பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள் எனக்கு ஒரு வயசு கூடியிருக்கும்.

வீட்டுக்காரர் அப்போது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வயல்காரர்கள் சத்தம் போட, ஆபீசிலிருந்து போன்மேல் போன். யாரைக் கேட்டு நிறுத்தினாய், உடனே போடு என்றிருக்கிறார்கள். லைனில் ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் மணலில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டு, வெளியே வந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.  “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் மாடிப் பிள்ளை என் நினைவுக்கு வந்தாள். யாருக்காக அடுப்பில் பாலைக் கொட்டிவிட்டு ஓடி வந்தேனோ அவளை, தம்பியைத் தண்ணீரில் பார்த்த கணத்தில் சுத்தமாக மறந்திருந்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இல்லை, போடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டுக் கீழ்முனையை நோக்கி ஓடினேன். பாறைகளுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே நனைந்து, உதடு வெளுத்து, இரண்டு கெண்டைக்காலையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றபோது காலில் ஆயிரம் ஊசி குத்தியது போலிருந்ததாம், எட்டு வைக்க முடியவில்லையாம், திடீரென்று நின்றதாம், தவழ்ந்து ஏறியிருக்கிறாள். அவள் பக்கத்தில், பாறையின்மேல், நீர்நாய்க் குட்டி ஒன்று கிடந்தது. மூக்கில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. எதிர்க்கரை நாணலுக்குள் இருந்து அந்த விசில் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் அங்கே இருந்தவரைக்கும் அது நிற்கவில்லை.

அவள் வனத்துறையில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அன்று மத்தியானம் என் அடுப்படியில் அவளை உட்காரவைத்துக் கெஞ்சினேன். இடத்தைச் சொல், நடந்ததைச் சொல், யார் என்று தெரியாது என்று சொல்லிவிடு என்றேன். அந்தக் கசத்தைத் தம்பியிடம் சொன்னது நான்தான் என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.  “நான் பேரைச் சொல்லலேன்னா அவரு மறுபடி எறங்குவாருங்கக்கா. அடுத்த தடவை உங்களுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். போய் எழுதிக் கொடுத்தாள். பெயரோடு.

தம்பியையும் கூட்டாளியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார்கள். அனுமதியில்லாமல் லைனை நிறுத்தியதற்கு வீட்டுக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். சங்கரன்கோவில் பக்கம் மாற்றல் வந்தது, மறுக்காமல் போய் வேலையில் சேர்ந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தம்பிமேல் படமுடியவில்லை, என்மேல் படத் துணிவில்லை. மிச்சம் இருந்தவள் அவள்தான். அறையைக் காலி செய்யச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மறுநாளே கிளம்பினாள். போன பிறகு மேலே போய்ப் பார்த்தேன். தரையைக் கழுவிவிட்டு, ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். அவளிடமிருந்து போன் வரும்போதெல்லாம் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது.

அடுத்த வருடம் சாரல் முடிந்த சமயம். தம்பியின் கூட்டாளி வேறொரு கசத்தில் தனியாகக் கொக்கி போட்டிருக்கிறான். மீன் அள்ள இறங்கியவன் அங்கேயே கிடந்தான். மாடு பத்திக்கொண்டு போனவர்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவனை அடக்கம் பண்ணிய அன்று சாயங்காலம், ஒரு வருடமாக என் வீட்டு வாசலை மிதிக்காத தம்பி வந்தான். அடுப்படியில் வந்து தரையில் உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. எதற்கும் பயப்படாதவன் பயந்துபோயிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். “என்னையும் கூப்பிட்டான் எக்கா. கேசு நடக்கு, நான் வரலேன்னு சொல்லிட்டேன்” என்றான். காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்த டீச்சர் எழுதிக் குடுக்கலேன்னா நானும் போயிருப்பேன்” என்றான். நான் அவன் முதுகில் கையை வைத்தேன்.

மறுநாள் அவளுக்குப் போன் போட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துவைத்த வாக்கியமெல்லாம் அவள் குரலைக் கேட்டதும் மறந்துவிட்டது. நான் பேசுவதற்கு முன்னால் அவள்தான் கேட்டாள். “தம்பி நல்லாருக்காருங்களாக்கா?” நான் அழுதேன்.  அப்புறம் படிப்பு முடிந்து வடக்கே ஏதோ ஒரு பெரிய ஆற்றில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அங்கேயும் கரண்டு போடுகிறார்கள், வெடி போடுகிறார்கள், மணல் அள்ளுகிறார்கள் என்றாள். போனை வைக்கும்முன் ஒரு உதவி கேட்டாள். ஊருக்குப் போகும்போது கசத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. அன்றிலிருந்து மாதம் ஒரு தரமாவது போகிறேன். வீட்டுக்காரரும் மாற்றல் வாங்கித் திரும்பி வந்துவிட்டார், லீவு நாளில் அவரும் வருவார். ஏழு நீர்நாயைத் திரும்பப் பார்த்ததில்லை. மூன்று, சில சமயம் நான்கு. சில மாதம் மணலில் வெறும் காலடி மட்டும். ஒன்றையும் காணாத மாதங்களில் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், இன்னும் போகவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். கரைக்கு நடக்கிற அந்தக் கால் மைல் தூரமும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அது புரியும்.

போன வாரம் போனபோது வாழைக்குள்ளேயே குளோரின் வாடை வந்தது. யாரோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருக்கிறார்கள். மீன் பிடிக்க இது இன்னொரு வழி, ஒயரும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கெண்டை, ஆரல், விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியிருந்தன. கல்நக்கிகூடப் பாறையை விட்டுவிட்டு மிதந்தது. பெரிய மீன் ஒன்றுகூட இல்லை, அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நீர்நாயின் காலடி எங்கேயும் இல்லை. வீட்டுக்காரர் போட்டோ எடுத்தார். நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டேன். “நீயாலே?” என்று கேட்டேன். “இல்லெக்கா, சத்தியமா இல்ல” என்றான். அவன் குரலில் பொய் இல்லை என்றுதான் பட்டது. ஆனால் அவன் சின்ன வயதிலிருந்து என்னிடம் பொய் சொன்னபோதெல்லாம் எனக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது.

நேரே வனத்துறை ஆபீசுக்குப் போனோம். இருவருமே இதற்குமுன் அந்தப் படி ஏறியதில்லை. மேஜையில் இருந்தவர் இளவயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பெயர், ஊர், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என் பெயரை அவர் எழுதும்போது அதை நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஊருக்குள் எனக்கு அம்மா வீடு இருக்கிறது, நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டும். கடைசியாக அவர், “ஒங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சொல்லவேண்டியது நான்தான் என்று புரிந்தது.

“ஆத்துல மீன் பிடிக்கிற எல்லாத்தையும் கூப்பிட்டு விசாரிங்க” என்றேன். “என் தம்பியையும் சேத்து.”

அவர் பேனாவை நிறுத்தி, தம்பி பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. இதற்குள் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். என் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அவன் இன்னும் கூப்பிடவில்லை.